வெளி ஹார்ட் டிஸ்க் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. உள்ளே டேலி கணக்கு. முதலில் என்ன செய்வது?

மாட்டுங்கா_கணக்கு:

வணக்கம். மாட்டுங்காவில் ஒரு மொத்த வியாபார அலுவலகத்தின் கணக்கைப் பார்க்கிறேன். 1 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க், 2.5 அங்குலம், யூஎஸ்பி 3.0, கோப்பு அமைப்பு என்டிஎஃப்எஸ். கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அதிலிருந்து, செருகியதும் "இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் 10 சொல்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 931 ஜிபி என்றும் 'ரா' (கோப்பு அமைப்பு அடையாளம் தெரியவில்லை) என்றும் வருகிறது. சுழலும் சத்தம் வழக்கம்போல்தான், டக் டக் என்று எதுவும் இல்லை. ஆனால் செருகியவுடன் எக்ஸ்ப்ளோரர் நெடுநேரம் உறைந்து நிற்கிறது.

உள்ளே இருப்பது: மூன்று நிதியாண்டுகளின் டேலி (கணக்கு மென்பொருள்) தரவு, தமிழ்ச் சங்க விழாப் படங்கள் சுமார் 200 ஜிபி, கொஞ்சம் வேர்டு, எக்செல். அலுவலகக் கணினியில் போன வாரம்தான் விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள். அதனால் டேலி ஃபோல்டருக்கு வேறு நகல் கிடையாது.

விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டலாமா? காசு கேட்கும் மீட்பு மென்பொருள்களில் எதை வாங்கலாம்? மும்பையின் கணினிக் கடைத் தெருவான லேமிங்டன் ரோட்டில் கொடுத்துவிடுவதே மேலா?

சயான்_சேகர்:

செக்டிஸ்க் போட்டு விடுங்க பாஸ், பின்னாடி ஸ்லாஷ் எஃப் சேர்த்துக்கோங்க. பத்து நிமிஷ வேலை. பென் டிரைவ் ரா ஆனாலும் இதேதான். அதுக்கும் வரலைன்னா டிஸ்கை கவர்ல சுத்தி ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வைங்க, எழுந்துக்கும்.

வட்டு_வைத்தியன்:

சேகர் சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

செக்டிஸ்க்குக்கு உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் வேலை கொடுக்கப்படவில்லை. கோப்பு அட்டவணையை முரணில்லாமல் ஆக்குவதுதான் அதன் வேலை. கிழிந்த பக்கத்தைப் பேரேட்டிலிருந்து பிய்த்துப் போட்டுவிட்டு மிச்சத்துக்குப் புதிதாகப் பக்க எண் போடும் குமாஸ்தா மாதிரி. என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற அட்டவணையில் ஒரு பதிவு இருக்கும், பொதுவாக 1024 பைட். பெயர், அளவு, தரவு எந்த இடத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில்தான். அந்தப் பதிவு பேட் செக்டரில், அதாவது டிஸ்கில் படிக்க முடியாமல் கெட்ட ஒரு சிறு துண்டில், மாட்டிக்கொண்டால் செக்டிஸ்க் அதைக் கழித்துவிடும். அநாதையான துண்டுகள் 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டரில் பெயரிழந்து, '.சிஎச்கே' கோப்புகளாகப் போய் விழும். இத்தனையையும் அதே டிஸ்க்கின் மேல் எழுதியே செய்வதால் திரும்பி வர வழியில்லை. ஆரோக்கியமான டிஸ்கில் கோப்பு அமைப்பு மட்டும் குழம்பியிருந்தால் செக்டிஸ்க் நல்ல கருவி. டிஸ்கே நோயாளி என்றால் அது ஆபத்து. உங்களுடையது எந்த வகை என்று இன்னும் தெரியாது.

ஃப்ரீசர் பற்றி: தரவைப் படிக்கும் ஹெட்டுக்கும் தரவு இருக்கும் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். குளிரிலிருந்து மும்பைக் காற்றுக்கு எடுத்த மாத்திரத்தில் உள்ளே ஈரம் பூக்கும். அதற்குப் பிறகு எந்தத் தரவு மீட்புக் கூடமும் கைவைக்கத் தயங்கும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைக் கணினியில் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டு, டிஸ்கைச் செருகுங்கள். ஃபார்மட் கேள்விக்கு 'கேன்சல்'. 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளின் கடைசிப் பத்தியில் இருப்பதைக் குறித்துக்கொண்டு உடனே கழற்றிவிடுங்கள். செருகிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. சும்மா இருக்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்திலும் விண்டோஸ் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். போதாததற்கு இன்றைய 2.5 அங்குல டிஸ்க்குகள் பல எஸ்எம்ஆர் வகை. பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று சார்ந்திருப்பதால் பின்னணியில் தாமாகவே தரவை இடம் மாற்றி எழுதிக்கொள்ளும். மோசமாகிவரும் டிஸ்க்குக்கு மின்சாரம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கையிருப்புச் செலவுதான். அந்தச் செலவு நகலெடுக்க மட்டும் போகட்டும்.

மாட்டுங்கா_கணக்கு:

நன்றி சார். 05 வரியில் 0. சி5 வரியில் 1ஏ8. சி6 வரியில் 1ஏ8. சி7 வரியில் 0. மேலே மஞ்சளில் 'காஷன்' என்று வருகிறது.

வட்டு_வைத்தியன்:

அந்த எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கின்றன. அதில் 'ஏ' என்பது 10, ஆகவே 1ஏ8 என்றால் 256 + 160 + 8 = 424. அதாவது 424 செக்டர்களைப் படிக்க முடியாமல் டிஸ்க் நிலுவையில் வைத்திருக்கிறது. சி7 சுழியமாக இருப்பது நல்ல செய்தி. 05 சுழியம் என்றால் இன்னும் எதையும் மாற்று இடத்துக்கு ஒதுக்கவில்லை. மாற்று இடம் ஒதுக்குவது பொதுவாக அந்த இடத்தில் எழுதும்போதுதான் நடக்கும், செக்டிஸ்க் வேண்டாம் என்றதற்கு இதுவும் காரணம். எக்ஸ்ப்ளோரர் உறைவதும் இதனால்தான். எம்எஃப்டி இருக்கும் பகுதியிலேயே சில செக்டர்கள் போயிருக்கலாம்.

ஆகவே மீட்பு மென்பொருள் எதையும் இந்த டிஸ்க்கின் மேல் ஓட்டாதீர்கள், காசு கொடுத்ததானாலும் சரி. முதலில் டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக ஒரே இமேஜ் கோப்பாக எடுக்க வேண்டும். அப்புறம் எல்லா விளையாட்டும் அந்த இமேஜின் மேல்தான். இதற்கான கருவி குனு டிடிரெஸ்க்யூ. இலவசம்.

தேவை: 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, 2 டெராபைட் புதிய டிஸ்க் ஒன்று (1 டெராபைட் இமேஜுக்கு, மிச்சம் மீட்ட கோப்புகளுக்கு). புதியதை என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்யுங்கள். எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. பென் டிரைவில் ரூஃபஸ் என்ற நிரல் மூலம் சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸை எழுதுங்கள். அதில் டிடிரெஸ்க்யூவும் டெஸ்ட்டிஸ்க்கும் ஏற்கெனவே இருக்கின்றன, செருகிய டிஸ்கைத் தானாகத் திறக்கவும் முயலாது. உபுண்டுவிலும் செய்யலாம், ஆனால் அங்கே பொதியின் பெயர் 'ஜிடிடிரெஸ்க்யூ'. ஏறக்குறைய அதே பெயரில் வேறொரு நிரலும் உண்டு, அதன் விருப்பங்கள் வேறு.

பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்புங்கள். புதிய டிஸ்கை மட்டும் செருகி 'எல்எஸ்பிஎல்கே' என்று தட்டிப் பட்டியலைப் பாருங்கள். அடுத்து பழையதைச் செருகி மறுபடி பாருங்கள். இப்போது புதிதாக முளைத்த பெயர்தான் பழைய டிஸ்க், அளவு 931.5 என்று காட்ட வேண்டும். புதியது 1.8 டி என்று இருக்கும். இரண்டு வழியிலும் சரிபார்த்த பிறகே அடுத்த அடி. மூலமும் இலக்கும் இடம் மாறிவிட்டால் காலி டிஸ்க்கின் உள்ளடக்கம் உங்கள் கணக்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

புதியதை மட்டும் மவுண்ட் செய்யுங்கள், அதாவது கோப்புகளைப் படிக்க, எழுதத் திறந்துவையுங்கள். பழையதைச் செய்யாதீர்கள். டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர்களைக் கொடுக்க வேண்டும், வரிசை முக்கியம்: பழைய டிஸ்க், இமேஜ் கோப்பு, மேப் கோப்பு. பழைய டிஸ்க்கின் பெயரில் பின்னால் எண் வரக் கூடாது. எண் வந்தால் அது ஒரு பார்ட்டிஷன் மட்டும், நமக்கு முழு டிஸ்க்கும் வேண்டும். முதல் ஓட்டத்தில் டி, என் ஆகிய இரு விருப்பங்களும் (ஆங்கிலச் சின்ன எழுத்துகளில்). 'டி' இடையில் உள்ள தற்காலிக நினைவகத்தைத் தவிர்த்து நேரே டிஸ்கைப் படிக்கும். 'என்' மோசமான இடங்களைச் சுரண்டுவதை ஒத்திப் போடும். சுலபமாக வருவதெல்லாம் முதலில் வந்து சேரட்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். இரண்டாம் ஓட்டத்தில் 'என்'னை எடுத்துவிட்டு 'ஆர் 3' சேருங்கள். மிச்சமிருக்கும் ஓட்டைகளைச் சுரண்டிப் பார்த்துவிட்டு மூன்று முறை மறுபடி முயலும். அதே இமேஜ், அதே மேப். மேப் கோப்பில்தான் எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு முழுவதும் இருக்கிறது. நடுவில் கன்ட்ரோல் சி போட்டு நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் இல்லாமல் ஓட்டினால் அந்த வசதி போச்சு.

நேரம்: விநாடிக்கு 100 எம்பி வந்தால் சுமார் 2 மணி 45 நிமிடம். யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் 30 எம்பிதான் தேறும், 9 மணி நேரத்துக்கு மேல் போகும். மேசைக் கணினியின் பின்பக்க நீலத் துளையில் நேராகச் செருகுங்கள், ஹப் வேண்டாம். டிஸ்க்கின் மேல் மேசை ஃபேன் காற்று படட்டும். கணினி யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். இதே டிஸ்க்குக்கு இன்னொரு கரண்ட் கட் தாங்காது.

என்னென்ன கெடும்? டிஸ்கை யூஎஸ்பியோடு இணைக்கும் பாலச் சில்லு மோசமான செக்டரில் திணறி டிஸ்க் காணாமல் போகலாம். அப்போது கழற்றிச் செருகி அதே கட்டளையை ஓட்டலாம். ஆனால் டிஸ்க்கின் பெயர் எஸ்டிசி என்பதிலிருந்து எஸ்டிடி என்று மாறியிருக்கும், ஒவ்வொரு தடவையும் 'எல்எஸ்பிஎல்கே' பார்க்காமல் எண்டரை அழுத்தாதீர்கள். வேகம் சில கேபிக்கு இறங்கி அங்கேயே நின்றால் பொறுமையாக விடுங்கள். டக் டக் என்று சீரான சத்தம் ஆரம்பித்தால் அது ஹெட். அந்த நொடியே நிறுத்தி, கழற்றி, இந்த இழைக்கு வாருங்கள்.

முலுண்ட்_மைதிலி:

வைத்தியன் சாரின் வழி சரி. டேலி என்பதால் சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

ஃபோட்டோரெக் மாதிரி, கோப்பின் தலைப்பகுதி அடையாளத்தை வைத்து வாரி எடுக்கும் கருவிகள் படங்களுக்குச் சரி. ஜேபெக் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும், பெயர் போனாலும் படம் படம்தான். டேலியில் ஒரு கம்பெனி என்பது எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர், உள்ளே .900 அல்லது .1800 என்று முடியும் கோப்புகள் பல, எல்லாம் ஒன்றையொன்று நம்பி இருப்பவை. பெயரும் ஃபோல்டரும் இல்லாமல் அவற்றை அள்ளிக் கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. ஆகவே உங்களுக்கு எம்எஃப்டியைப் படித்துப் பெயரோடு மீட்கும் கருவி வேண்டும்: டிஎம்டிஇ, ஆர்-ஸ்டுடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் இந்த வகை. டிஎம்டிஇயின் இலவசப் பதிப்பே ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டரிலிருந்து 4000 கோப்புகள் வரை எடுத்துக் கொடுக்கும். டேலிக்கு அது தாராளம். காசு கொடுக்கும் முன் டெமோவில் கோப்பைத் திறந்து பாருங்கள். பட்டியலில் பெயர் தெரிவதற்கும் உள்ளே தரவு இருப்பதற்கும் சம்பந்தமில்லை, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

அதைவிட முக்கியம், வேறு இடங்களில் நகல் இருக்கிறதா என்று தேடினீர்களா? விண்டோஸைப் போட்டவர் டிரைவை ஃபார்மட் செய்யாமல் போட்டிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்று இறங்கிப் பாருங்கள். டேலி இயல்பாகத் தரவை வைக்கும் இடம் அதுதான். விண்டோஸ் இந்த ஃபோல்டரை 10 நாளில் தானாக அழித்துவிடும். போன வாரம் போட்டது என்கிறீர்கள், இன்றே பாருங்கள்.

அடுத்து ஆடிட்டர். மார்ச் கணக்கு முடிக்க அவருக்கு டேலி பேக்கப் அனுப்பியிருப்பீர்கள். அவர் கணினியிலோ உங்கள் மெயிலின் 'சென்ட்' பெட்டியிலோ கிடக்கும். கடைசி மாதங்களுக்கு ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் தாக்கல் செய்த விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1 இருக்கிறது, வாங்கியவற்றுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி இருக்கிறது, வங்கி அறிக்கை இருக்கிறது. ஆடிட்டரின் பழைய பேக்கப்போடு இவற்றைச் சேர்த்தால் வவுச்சர்களில் பெரும்பகுதியைத் திரும்ப எழுதிவிடலாம். ரொக்கச் செலவுகள் மட்டும் ரசீதுக் கட்டைப் பார்த்து. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பதால் 'போனது போகட்டும்' என்று விடுவதற்கில்லை.

டோம்பிவிலி_டேவிட்:

லேமிங்டன் ரோடு பத்தி யாரும் சொல்லல. நான் சொல்றேன்.

கிராண்ட் ரோடு ஸ்டேஷன்ல இறங்கினா அஞ்சு நிமிஷ நடை. அங்க நல்ல வேலைக்காரங்களும் இருக்காங்க, மேசையிலேயே டிஸ்கைத் திறந்து 'பாருங்க சேட், தட்டு போயிடுச்சு'ன்னு காட்டறவங்களும் இருக்காங்க. திறந்தா அவ்வளவுதான், தூசி ஒண்ணு போதும். கொடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. திறக்கணும்னா கிளீன் ரூம் (தூசியில்லாத அறை) உங்ககிட்டயே இருக்கா, இல்ல வேற ஊருக்கு அனுப்புவீங்களா? முதல்ல இமேஜ் எடுப்பீங்களா, எந்தக் கருவியில? தரவு வரலைன்னா பார்க்கிற கூலி எவ்வளவு, எழுத்துல குடுப்பீங்களா? கோப்புப் பட்டியலைக் காட்டின பிறகுதானே காசு? இதுல ஒண்ணுக்கு மழுப்பினாலும் டிஸ்கை வாங்கிட்டு நடையைக் கட்டுங்க. பிசி-3000ன்னு சொன்னா அது தொழில்காரங்க கருவி, நல்ல அறிகுறி. ஆனா அதை வெச்சிருக்கறதும் ஓட்டத் தெரியறதும் வேற வேற.

சத்தத்தை வெச்சே பாதி தெரியும். டக் டக்னு அடிச்சு நின்னா ஹெட். மெல்லிசா பீப் பீப்னா ஹெட் தட்டோட ஒட்டிக்கிச்சு, இல்லைன்னா மோட்டார் இறுகிடுச்சு. ரெண்டுக்கும் கிளீன் ரூம்தான். சத்தமே இல்ல, சுத்தலன்னா டிஸ்கோட சர்க்யூட் பலகையைப் பாருங்க. 3.5 அங்குல வெளி டிஸ்குக்கு 12 வோல்ட் அடாப்டர். அதே முனை உள்ள 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகிட்டா பலகையில டிவிஎஸ் டயோடுன்னு ஒண்ணு தன்னைப் பலி குடுத்து ஷார்ட் ஆகும். மீட்டர்ல பார்த்துட்டு அதை எடுத்துவிட்டாலே பல டிஸ்க் சுத்தும். சுத்தினதும் நகல் எடுத்துடணும், அதுக்கு இனிமே காவல் கிடையாது. அதே மாடல் பலகையை வாங்கி மாத்தறது பழைய கதை. இப்ப ஒவ்வொரு டிஸ்குக்கும் அதோட ஹெட்டுக்கேத்த அளவுகள் பலகையில இருக்கற எட்டுக்கால் ரோம் சில்லுல எழுதியிருக்கும், அதையும் பெயர்த்து மாத்தணும்.

இன்னொண்ணு. பெட்டியை உடைச்சு டிஸ்கை வெளிய எடுத்து நேரா மதர்போர்டுல மாட்டலாம்னு யூடியூப்ல சொல்வாங்க. வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை பாஸ்போர்ட்ல பலதுல யூஎஸ்பி முனை பலகையிலேயே இருக்கும், மதர்போர்டுல மாட்டற சாட்டா முனை கிடையாது. போதாக்குறைக்கு பாஸ்வேர்டு வைக்காட்டியும் தரவு என்கிரிப்ட் ஆகித்தான் தட்டுல இருக்கும். அந்தப் பலகை இல்லாம படிச்சா குப்பைதான் வரும்.

லோக்கல் ட்ரெயின்ல கொண்டு போறப்ப பேன்ட் பாக்கெட்ல வைக்காதீங்க. பபிள் ஷீட்ல சுத்தி பைக்குள்ள, முன்னாடி மாட்டிக்கிட்டு.

வடபாவ்_வாசு:

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். லேப்டாப் எஸ்எஸ்டியில் ஷிஃப்ட் டெலீட் செய்த ஃபோல்டரை இந்த முறையில் எடுக்க முடியுமா?

வட்டு_வைத்தியன்:

பெரும்பாலும் முடியாது. ஹார்ட் டிஸ்கில் அழித்தால் 'இந்த இடம் காலி' என்ற குறிப்பு மட்டுமே மாறும், மேலே வேறு எழுதும்வரை தரவு அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் 7 முதல் டிரிம் என்ற கட்டளை இயல்பாகப் போகிறது. அழித்த இடங்கள் எவை என்று எஸ்எஸ்டிக்கே சொல்லிவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தைக் கேட்டால் பொதுவாகச் சுழியங்களைத்தான் கொடுக்கும். விரைவு ஃபார்மட்டும் அதே கதைதான். எஸ்எம்ஆர் ஹார்ட் டிஸ்க்குகளிலும் சில டிரிம்மை ஏற்கின்றன, அது பலருக்குத் தெரியாது. லேப்டாப்பை இப்போதே அணைத்துவிட்டு, வேறு கணினியிலிருந்து ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டிகளைப் பாருங்கள்.

மாட்டுங்கா_கணக்கு:

நிலவரம் சொல்கிறேன். விண்டோஸ்.ஓல்ட் இல்லை, ஃபார்மட் செய்துதான் போட்டிருக்கிறார்கள். ஆடிட்டரிடம் மார்ச் வரைக்கான பேக்கப் இருக்கிறது.

இமேஜ் முடிந்தது. முதல் ஓட்டம் மளமளவென்று போனது. இரண்டாவது மிக மெதுவாக இருந்தது, இரு தடவை டிஸ்க் மறைந்து பெயர் மாறி வந்தது. இறுதியில் 99.99 சதவீதம், வராதது 38 எம்பி. டிஎம்டிஇயில் இமேஜைத் திறந்தால் ஃபோல்டர்கள் பெயரோடு தெரிகின்றன. படங்கள் திறக்கின்றன. டேலியில் இரண்டு கம்பெனி திறக்கிறது, நடப்பு ஆண்டு கம்பெனி மட்டும் பிழை காட்டி நிற்கிறது. எந்தெந்தப் படம் கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

வட்டு_வைத்தியன்:

உண்டு. இமேஜுக்கு இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டிடிரெஸ்க்யூவில் ஃபில் மோடு என்று ஒன்று இருக்கிறது: மேப் கோப்பில் 'வரவில்லை' என்று குறித்த செக்டர்களில் மட்டும் நீங்கள் கொடுக்கும் சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பும். வேறெங்கும் வர முடியாத ஒரு சொல்லாகத் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்த நகலிலிருந்து கோப்புகளை மீட்டு, அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது என்று லினக்ஸின் தேடும் கட்டளையான கிரெப்பால் தேடினால் பட்டியல் கையில் வந்துவிடும். 38 எம்பி சிதறியிருந்தால் பல படங்கள் அடிபட்டிருக்கலாம். ஒரே கொத்தாக இருந்தால் குறைவு. ஜேபெக்கில் நடுவில் ஓட்டை விழுந்தால் மேல் பாதி சரியாகவும் கீழ்ப் பாதி சாம்பலாகவும் வரும், சின்ன முன்தோற்றப் படம் மட்டும் ஒழுங்காக இருந்து ஏமாற்றும். அதனால் கண்ணால் பார்ப்பதை நம்பாமல் இப்படிச் செய்வது மேல்.

முலுண்ட்_மைதிலி:

நடப்பு ஆண்டு கம்பெனிக்கு: மீட்ட ஃபோல்டரை முதலில் அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். ரிப்பேர் தரவை மாற்றி எழுதும், ஒருமுறை தப்பாகப் போனால் திரும்ப முடியாது. பிறகு டேலிபிரைமில் ஆல்ட் ஒய் அழுத்தி 'ரிப்பேர்'. பழைய டேலி ஈஆர்பி 9 என்றால் கன்ட்ரோல் ஆல்ட் ஆர். அது எழுந்தாலும் உடனே வேலையைத் தொடங்க வேண்டாம். ஆடிட்டரிடம் இருக்கும் பேக்கப்பின் மார்ச் 31 டிரையல் பேலன்ஸும் இதில் ஏப்ரல் 1 தொடக்க இருப்பும் ஒத்துப்போகிறதா பாருங்கள். விற்பனை வவுச்சர் எண் தொடரில் இடைவெளி இருக்கிறதா, மாதவாரி விற்பனை தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 உடன் பொருந்துகிறதா பாருங்கள். ரிப்பேர் படிக்க முடியாத வவுச்சரைச் சத்தமில்லாமல் விட்டுவிடக்கூடும். எந்த மாதம் பொருந்தவில்லையோ அதை மட்டும் கையால் எழுதினால் போதும்.

இனி பேக்கப். ஒரு சிறிய அலுவலகத்துக்கு இவ்வளவு போதும் என்பது என் கணிப்பு.

டேலி தரவு சில நூறு எம்பிதான். தினமும் கடை மூடும் முன் ஆல்ட் ஒய், 'பேக்கப்', அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட புது ஃபோல்டருக்குள். நேற்றையதன் மேல் எழுதாதீர்கள். கணக்கு இன்று கெட்டதை நீங்கள் அடுத்த வாரம் கவனித்தால் போன வாரத்தது கையில் இருக்க வேண்டும். டேலி திறந்திருக்கும்போது எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை நகலெடுப்பது பேக்கப் ஆகாது, பாதி எழுதிய கோப்பு மாட்டும்.

டிஸ்க் இரண்டு, ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், ஒன்றில் பச்சை. ஒன்று அலுவலகத்தில், ஒன்று வீட்டில். சனிக்கிழமை இடம் மாறும். நகல் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்கை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் பார்க்கும், மின்னழுத்த ஏற்றமும் பார்க்கும். வீட்டில் ஒன்று ஏன்? உங்கள் அலுவலகம் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் தரைத்தளம் என்றால் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பெய்தது; அந்த மாதிரி நாளில் மேசைக்கடியில் இருக்கும் கணினியும் கீழ் டிராயரில் இருக்கும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் கிடக்கும். நனைந்துவிட்டால் உலர்த்தவும் கூடாது, செருகிப் பார்க்கவும் கூடாது. ஈரத்தோடு பையில் மூடிக் கூடத்துக்கு. உலர்ந்தால் தண்ணீரிலிருந்த உப்பும் சேறும் தட்டில் படிந்துவிடும்.

மூன்றாவது நகல் இணையத்தில். டேலி பேக்கப்பை ஜிப் செய்து பாஸ்வேர்டு போட்டு கூகுள் டிரைவில் ஏற்றினால் போதும். ஆனால் ஃபோல்டரை 'சிங்க்' செய்வதைப் பேக்கப் என்று நினைக்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவே. விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியின் 'மிரர்' விருப்பமும் இதே வகை: மூல ஃபோல்டர் தவறிக் காலியாக இருக்கும் நாளில் ஓடினால் பேக்கப்பையும் காலி செய்து 'வெற்றி' என்று சொல்லும். படங்கள் 200 ஜிபி மேலேற்ற, 20 எம்பிபிஎஸ் ஏற்று வேகத்தில் சுமார் 22 மணி நேரம் ஆகும். ஒருமுறைதானே, ஞாயிறு முழுக்க விட்டுவிடுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு பேக்கப்பை மீட்டுப் பாருங்கள். 'ரீஸ்டோர்' செய்யும்போது இலக்காக வேறு ஃபோல்டரைக் கொடுங்கள். நடப்பு டேட்டா ஃபோல்டரையே கொடுத்தால் பழையது புதியதன்மேல் ஏறிவிடும்.

சயான்_சேகர்:

பேக்கப் டிஸ்குக்கு விண்டோஸோட பிட்லாக்கர் பூட்டு போடலாமா? தொலைஞ்சா பார்ட்டிங்க பான் நம்பர் எல்லாம் வெளிய போகுமே.

வட்டு_வைத்தியன்:

போடலாம், போடவும் வேண்டும். 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் அச்சடித்து, அந்த டிஸ்க் இல்லாத இடத்தில் வையுங்கள். சில புதிய லேப்டாப்களில் விண்டோஸ் 11 கேட்காமலேயே இதைப் போட்டுவிடுகிறது, சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காரும். மதர்போர்டு போனபின் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும்போதுதான் பலருக்கு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டே மறந்திருப்பது தெரியவரும். இன்றே உள்ளே போய்ச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் போட்ட டிஸ்க் கெட்டால் மீட்பு இன்னும் கடினம் என்பதும் உண்மை, அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு டிஸ்க்.

மாட்டுங்கா_கணக்கு:

ரிப்பேருக்குப் பின் நடப்பு ஆண்டு திறந்துவிட்டது. ஜூன் மாதம் மட்டும் ஜிஎஸ்டிஆர்-1 உடன் பொருந்தவில்லை, அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். படங்களின் பட்டியலும் கிடைத்தது, பெரும்பாலானவை சங்கத்து நண்பர்களிடம் இருக்கின்றன. கடைசியாக ஒன்று: பழைய டிஸ்கை முழு ஃபார்மட் செய்து சினிமா, பாட்டு போட வைத்துக்கொள்ளலாமா?

டோம்பிவிலி_டேவிட்:

வேண்டாம். முழு ஃபார்மட் போட்டா நிலுவையில இருக்கற செக்டரெல்லாம் ஒண்ணு சரியாயிடும், இல்ல 05க்கு இடம் மாறும். சி5 சுழியம் ஆனதும் நல்லாயிடுச்சுன்னு நம்பி மறுபடி எதையாவது முக்கியமானதை வைப்பீங்க. ஜூன் கணக்கு முடிஞ்சு, படமெல்லாம் சரிபார்த்து, ரெண்டு புது டிஸ்குலயும் ஏறுற வரைக்கும் பழசைத் தொடாம அப்படியே வைங்க. அப்புறம் முழு ஃபார்மட், விரைவு ஃபார்மட் இல்ல. விஸ்டாவுக்குப் பின்னாடி வந்த விண்டோஸ் முழு ஃபார்மட்ல எல்லா இடத்திலயும் சுழியம் எழுதும். வாரண்டி இருந்தா அதுக்குப் பிறகு அனுப்புங்க. பதிலுக்கு வேற டிஸ்க்தான் வரும், உங்களுது திரும்பி வராது. வாரண்டி இல்லைன்னா தட்டுல ஓட்டை போட்டுட்டு இ-கழிவுக்காரங்ககிட்ட குடுங்க, பழைய சாமான் வாங்கற கபாடிவாலாகிட்ட அப்படியே போட்டுடாதீங்க.